மலையிறக்கச் சைக்கிள் ஓட்டும் மகளிர்க்கு ஏற்ற உடற்கவசம்

களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பாடம்

செங்குத்தான மலைச்சரிவின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை, கல்லும் மரவேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில், மிகக் குறைந்த நேரத்தில் சைக்கிளில் இறங்கிச் சேருவதே மலையிறக்கப் பந்தயம் எனப்படுவது. விளையாட்டுக்களின் வரலாற்றில் இது மிகவும் இளையது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தமால்பைஸ் மலையை அடுத்த ஒரு பாதையில், 1976-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நண்பர்கள் சிலர் கூடிப் பழைய கனத்த சைக்கிள்களைக் கொண்டு பந்தயம் விட்டதிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அச்சைக்கிள்களில் பிரேக் பின்சக்கரத்தின் அச்சிலேயே அமைந்திருந்தது. ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் அச்சிலிருந்த கிரீஸ் சூடேறிப் புகைந்து போய்விடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் புதிய கிரீஸைத் திணிக்க வேண்டியிருந்தது. மறுபடியும் திணித்தல் என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்ற பெயர் அப்பாதைக்கு வந்தது இதனாலேயே. 1990-இல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் உலகச் சாம்பியன் போட்டி நடைபெற்றபோது மகளிர்க்கும் தனிப் பிரிவு இருந்தது. 2016-ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த ரேச்சல் ஆதர்ட்டன் என்னும் வீராங்கனை, அவ்வாண்டின் உலகக் கோப்பைப் பந்தயங்கள் ஏழையும் வென்றதோடு உலகச் சாம்பியன் பட்டத்தையும் பெற்றார். நம் நாட்டிலோ, 2023 அக்டோபரில் கேரளத்தின் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன் போட்டிகள் நடைபெற்றன.

இவ்விளையாட்டு பரவப் பரவ, ஒரு பொறுப்பு நம் வாசகர்களில் சிலரை வந்தடையும். பள்ளியிலோ கல்லூரியிலோ உடற்பயிற்சி ஆசிரியராக இருப்பவரையும், மலைப்பகுதிகளில் இளைஞர் பயிற்சி முகாம்களை நடத்தும் களப் பணியாளரையும் பார்த்து, “இப்பெண்களுக்கு என்ன கவசம் வாங்குவது?” என்று கேட்பார்கள். சர்வதேசச் சைக்கிள் சங்கத்தின் விதிகளின்படி மலையிறக்கப் பந்தயத்தில் முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசம் கட்டாயமானது. முதுகு, தோள், முழங்கை, முழங்கால் ஆகியவற்றுக்கான காப்புக்களோ வலியுறுத்திப் பரிந்துரைக்கப்படுகின்றன, அவ்வளவே. ஆகவே எதை வாங்குவது, எந்த அளவில் வாங்குவது, அணிந்தபின் சரியாக இருக்கிறதா என்று எவ்வாறு அறிவது என்பவை உடன் இருப்பவரின் தீர்ப்புக்கே விடப்பட்டுள்ளன. கடையில் கிடைக்கும் கவசங்களிற் பெரும்பாலானவை ஆடவர் உடலை அளந்து செய்யப்பட்டவை. அவற்றுள் சிறிய அளவு ஒன்றை எடுத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறு எண்ணுவது ஏன் தவறு என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

சொல்லைப் பற்றி ஒன்று குறிப்பிட வேண்டும். உடலை மூடும் முழு அமைப்பைக் ‘கவசம்’ என்றும், அதன் உறுப்புக்களாகிய தனித்தனி மெத்தைகளையும் தகடுகளையும் ‘காப்பு’ என்றும் இங்கே வழங்குகிறோம். காப்பு என்பது கையில் அணியும் வளையையும் குறிக்கும் என்பதை மறக்கவில்லை. அந்தக் காப்பைக் கழற்றி வைத்த பின்னரே இந்தக் காப்பை அணிய வேண்டும் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

கவசம் செய்யும் வேலை

கணக்கிலிருந்து தொடங்குவோம். 50 கிலோகிராம் எடையுள்ள பெண் ஒருத்தி மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இறங்குகிறாள். அவளது இயக்க ஆற்றல் 2,500 ஜூல். இத்தனை ஆற்றலையும் ஒரு மெத்தைத் துண்டு விழுங்கிவிடும் என்று எவரும் எதிர்பார்க்கலாகாது. விழுந்தவள் தடையின்றிச் சறுக்கியும் உருண்டும் சென்றால் அதன் பெரும் பகுதி உராய்வில் செலவாகிவிடும். தரையை நோக்கி நேராக விழும் பகுதியே உடனடியாக எலும்பைத் தாக்குவது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொண்டால் அப்பகுதி ஏறத்தாழ 490 ஜூல் ஆகும். அதுவும் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எனப் பல இடங்களுக்குப் பங்கிடப்படுகிறது.

முழங்கைக்கு வரும் பங்கு 50 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றலைத் தடுத்து நிறுத்தும் தொலைவால் வகுத்தால் சராசரி விசை கிடைக்கும். முழங்கை எலும்பின் மேல் தோலும் மெல்லிய தசையுமே உள்ளன. அவை 2 மில்லிமீட்டர் அமுங்குவதற்குள் அடி நின்றுவிட்டால் சராசரி விசை 25,000 நியூட்டன். அதே அடி, ஒரு சென்டிமீட்டர் அமுங்கக்கூடிய மெத்தையின் மேல் விழுந்தால் 5,000 நியூட்டன் மட்டுமே. மெத்தையின் மேல் ஒரு கடினமான ஓடும் இருந்தால், 2 சதுர சென்டிமீட்டர் பரப்பில் குத்தவேண்டிய கல்முனையின் விசை 50 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பரவும். அழுத்தம் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறையும். தூரத்தை நீட்டுதல், பரப்பை விரித்தல் ஆகிய இவ்விரண்டையும் தவிரக் கவசத்துக்கு வேறு வித்தை இல்லை.

கவசங்களைச் சோதிப்பதற்கென மலைச் சைக்கிளுக்குரிய தனி அளவுகோல் பரவலாக வழங்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர்க்கென ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட ‘ஈ.என். 1621’ என்னும் தரவிதியையே உற்பத்தியாளர் பெரும்பாலும் கையாளுகின்றனர். அதன் முதற்பகுதி கைகால் மூட்டுக்களுக்கானது. இரண்டாம் பகுதி முதுகுக்கானது. மூன்றாம் பகுதி மார்புக்கானது. 5 கிலோகிராம் எடையுள்ள இரும்பு, 50 ஜூல் ஆற்றலுடன், அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, காப்பின் மேல் விழச் செய்யப்படுகிறது. அடியிலுள்ள உலோகப் பட்டடைக்குக் கடந்து செல்லும் விசை அளக்கப்படுகிறது. மூட்டுக் காப்புக்களில் சராசரி உச்ச விசை 35 கிலோநியூட்டனுக்கு மேற்படாவிட்டால் முதல் நிலை. 20 கிலோநியூட்டனுக்கு மேற்படாவிட்டால் இரண்டாம் நிலை. முதுகுக் காப்புக்கு இவ்வெல்லைகள் முறையே 18, 9 கிலோநியூட்டன். இரண்டாம் நிலையே மேலானது என்பதை நினைவிற் கொள்க. ‘முதல்தரம்’ என்ற வழக்கத்தால் ஒன்றை உயர்வாகக் கருதி ஏமாறுவோர் பலர். கிலோநியூட்டன் அளவுகள் பெரியனவாகத் தோன்றினாலும், பட்டடை நெகிழாத உலோகம் என்பதையும், மனித உடல் சற்று நெகிழ்ந்து கொடுக்கும் என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

இக்காலத்துக் காப்புக்கள் பலவற்றில், சாதாரணமாக மென்மையாக இருந்து, திடீர் அடியில் மட்டும் இறுகும் பொருள் பயன்படுகிறது. 1999-இல் பிரிட்டனில் தோன்றிய ‘டி-3-ஓ’ இவ்வகையில் பெயர் பெற்றது. இதன் இயல்பை வகுப்பிலேயே காட்டலாம். மக்காச்சோள ஸ்டார்ச் மாவில் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியான குழம்பாகக் கரைக்கவும். விரலை மெதுவாக நுழைத்தால் புதையும். முஷ்டியால் சட்டென்று குத்தினால் கல்போல் எதிர்க்கும். இரண்டின் வேதியியல் வேறு. ஆயினும் மாணவர்க்குக் கருத்து விளங்கும். இத்தகைய பொருள்கள் வெப்பநிலைக்குத் தக மாறும் இயல்பு உடையவை. கடுங்குளிரில் விறைத்தும், கொளுத்தும் வெயிலில் தளர்ந்தும் போகக்கூடும். மேற்கூறிய தரவிதியில், பூச்சியத்துக்குக் கீழ் 10 டிகிரியிலும், 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்ததைக் குறிக்கும் அடையாளங்கள் உள்ளன. ஆங்கில ‘டீ’ எழுத்தை அடுத்துக் கழித்தற் குறியோ கூட்டற் குறியோ இருக்கும். ஹிமாசலத்தில் விடியற்காலையில் பயிற்சி நடத்துவோர் கழித்தற் குறியையும், தக்காணத்தில் கோடையில் நடத்துவோர் கூட்டற் குறியையும் தேடிப் பார்த்து வாங்குதல் நலம்.

கவசத்தால் ஆகாதவற்றையும் மாணவியர்க்கு ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். முதுகுக் காப்பு, கல்லோ வேரோ நேராகத் தாக்குவதைத் தணிக்கும். தலைகீழாக விழுந்து முதுகெலும்பு அதன் நீளவாட்டில் நசுங்குவதையோ, மடிந்து முறுகுவதையோ அது தடுக்காது. வயிற்றில் ஹாண்டில்பாரின் முனை குத்துவதற்கும் பெரும்பாலான கவசங்களில் தடை இல்லை. ஹாண்டில்பார் முனைகளில் அடைப்பு உள்ளதா என்று பார்ப்பதே அதற்கு எளிய காப்பு.

சிறிய ஆடவன் அல்லள்

இனி அளவுக்கு வருவோம். மேற்கூறிய சோதனைகள் யாவும் காப்பின் நடுப்பகுதி எலும்பின் நேரே நிற்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்பவை. காப்பு 4 சென்டிமீட்டர் விலகினால், முழங்கையின் கூர்முனை அதன் மெல்லிய ஓரத்தின் மேலோ வெறும் துணியின் மேலோ விழும். அப்போது இரண்டாம் நிலைக் காப்பு, காப்பே இல்லாத நிலைக்குச் சமம். உண்மையில் அதைவிடத் தீங்கானது என்றே கூறலாம். கவசம் இருக்கிறதென்ற துணிவால் ஓட்டுபவள் வேகத்தைக் கூட்டியிருப்பாள் அல்லவா?

சராசரியாகப் பார்த்தால், ஆடவரை நோக்க மகளிர்க்குத் தோள் அகலம் குறைவு, விலாக்கூடு ஒடுக்கம், உடற்பகுதியின் நீளம் குறைவு, இடுப்பு அகலம் கூடுதல், முழங்காலிலிருந்து மேல்நோக்கித் தொடை விரைவாகப் பருக்கும். இவ்வேறுபாடுகள் ஒரே விகிதத்தில் அமைந்தவை அல்ல. ஆகவே ஆடவர் கவசத்தை எல்லாத் திசையிலும் சமமாகச் சுருக்கினால் பெண்ணுக்குரிய கவசம் ஆகிவிடாது. மோட்டார் வாகன மோதற் சோதனையில் பயன்படும் பொம்மைகளின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1970-களில் உருவான ‘ஹைப்ரிட் மூன்று’ என்னும் பொம்மை நடுத்தர ஆடவர் உடலை ஒட்டியது. பின்னர் வந்த பெண் பொம்மை பெரிதும் அதன் சுருக்கமே. அதுவும் ஏறத்தாழ 49 கிலோகிராம் எடையுள்ள, மிகச் சிறிய உடல்வாகைக் குறிப்பது. நடுத்தரப் பெண் இடையில் விடுபட்டுப் போனாள்.

போர்க்கவசத்திலும் இதே அனுபவம். ஆடவர்க்குச் செய்த மேலங்கிக் கவசம் பெண் சிப்பாய்களுக்கு நீளமாக இருந்து, உட்காரும்போது இடுப்பில் அழுத்தியது. பக்கங்களில் இடைவெளி விட்டது. துப்பாக்கியைத் தோளில் பொருத்த விடவில்லை. 2012-ஐ ஒட்டி அமெரிக்கத் தரைப்படை, மகளிர்க்கெனத் தனியே வெட்டித் தைத்த வடிவத்தைச் சோதனைக்குக் கொடுத்தது. நம் நாட்டிலும் 2019-ஐ ஒட்டி, பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த உடலியல் நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண் காவலர் கலவரங்களை அடக்கும் பணியில் அணிவதற்கென முழு உடற்காப்பு ஒன்றை வடிவமைத்தது. விளையாட்டுச் சந்தையில் இப்போது சில உற்பத்தியாளர் உண்மையிலேயே வேறு அளவில் வெட்டுகின்றனர். சிலர் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு மகளிர்க்கு என்று எழுதிவிடுகின்றனர். ஆகவே எழுத்தை நம்பற்க. அளவு நாடாவை நம்புக. மகளிர் என்று எழுதாத கவசம் அகன்ற தோளுடைய உயரமான பெண்ணுக்குச் சரியாக அமைவதும் உண்டு. அவ்வாறு அமைந்தால் அதையே எடுப்பதில் தவறில்லை.

அளவெடுத்தல்

மெல்லிய ஆடையின் மேல், பயிற்சியின்போது அணியும் மார்க்கச்சுடன், அளவெடுக்க வேண்டும். அளவெடுப்பவர் பெண்ணாக இருத்தல் நன்று. இயலாதபோது மாணவியர் இருவர் இருவராக ஒருவரையொருவர் அளந்து, எண்களை ஆசிரியரிடம் கூறட்டும்.

முதலில் எடுக்க வேண்டியது முதுகின் நீளம். மார்புச் சுற்றளவை மட்டும் கேட்டு அளவு சொல்லும் கடைக்காரர் பலர், அது போதாது. முதுகுக் காப்பின் சீட்டில், இடுப்பிலிருந்து தோள் வரையுள்ள நீளம் சென்டிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். தரவிதி அதைக் கட்டாயமாக்குகிறது. பெண் ஒரு பக்கமாகச் சாயும்போது உடலில் மடிப்பு விழும் இடமே இடுப்பு. அங்கே ஒரு நாடாவைக் கட்டுக. அதிலிருந்து, முதுகின் வளைவை ஒட்டி, கழுத்துக்கு அருகில் தோளின் மிக உயர்ந்த இடம் வரை அளந்துகொள்க. ஒரே உயரமுள்ள இரு பெண்களில் ஒருத்திக்குக் கால் நீளமாகவும் மற்றவளுக்கு உடல் நீளமாகவும் இருப்பது இயல்பு. ஆகவே உயரத்திலிருந்து இவ்வளவை ஊகிக்க முடியாது.

இந்த ஒன்றை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், நீளமான முதுகுக் காப்பு வெறும் அசௌகரியம் மட்டும் அன்று. அதுவே விபத்துக்குக் காரணமாகலாம். மலையிறக்கத்தில் ஓட்டுபவள் சீட்டில் அமர்வதில்லை. இரு பெடல்களும் தரைக்கு இணையாக இருக்க, அவற்றின் மேல் நின்று, முழங்காலும் முழங்கையும் மடித்து, இடுப்பைப் பின்தள்ளி, மார்பைத் தாழ்த்தி, தலையை மட்டும் நிமிர்த்திப் பாதையைத் தொலைவு வரை பார்க்கிறாள். அப்போது நீளமான காப்பின் அடிப்பகுதி இடுப்பில் முட்டி, முழுக் காப்பையும் மேலே தள்ளும். அதன் மேல்முனை தலைக்கவசத்தின் பின்விளிம்பில் இடிக்கும். தலை நிமிராது. முன்சக்கரத்துக்கு நேர்முன் உள்ள இரண்டு மீட்டர் பாதையை மட்டுமே காண்பவள் அடுத்த வளைவுக்கு எவ்வாறு ஆயத்தமாவாள்? கடைக் கண்ணாடியின் முன் நிமிர்ந்து நிற்கையில் இக்குறை தெரியவே தெரியாது.

அடுத்தது மார்பு. இரண்டு சுற்றளவுகள் தேவை: மார்பின் உயர்ந்த பாகத்தைச் சுற்றி ஒன்று, அதன் கீழே விலாக்கூட்டைச் சுற்றி மற்றொன்று. ஆடவர் கவசத்தின் முன்தகடு தட்டையானது. அதைப் பெண் அணிந்தால் தகடு மார்பின் மேல் மட்டும் தங்கி, கீழே விலாவிலிருந்து விலகி நிற்கும். பட்டைகளை இழுத்து இறுக்கினால் மார்பு நசுங்கி மூச்சு முட்டும். தளர்த்தினால் தகடு மேலேறி முகக்கவசத்தின் தாடைப் பகுதியில் இடிக்கும். இரண்டாகவோ பலவாகவோ பிரிந்து மடியும் தகடுகளும், உட்புறம் குவிந்து வார்க்கப்பட்ட தகடுகளும் பெண்களுக்கு ஏற்றவை. மார்க்கச்சில் உலோகக் கம்பியோ கொக்கியோ இருத்தலாகாது. விழும்போது கவசமே அதை உடலுக்குள் அழுத்திவிடும்.

தோளிலே, ஒரு தோள்முனை எலும்பிலிருந்து மறு முனை வரை முதுகுப்புறமாக அளக்கவும். மலைச் சைக்கிள் விபத்துக்களில் தோளும் காரையெலும்பும் அடிபடுவது மிகச் சாதாரணம். அகலமான கவசத்தில் தோட்கிண்ணம் தோள்முனையை விட்டு மேற்கையில் இறங்கிவிடும். சட்டை போன்ற கவசத்தில் ஒரு தவறு அடுத்த தவறைப் பிறப்பிக்கிறது: தோள் அகன்றால் கை நீளும், கை நீண்டால் முழங்கைக் கிண்ணம் முன்கையில் கிடக்கும். இத்தகைய பெண்களுக்கு, முழங்கைக் காப்பைத் தனியாகவும் உடற்காப்பைத் தனியாகவும் வாங்குவதே மேல் என்பது எமது கருத்து. விலை சற்றுக் கூடினும் ஒவ்வொன்றையும் அதனதன் அளவில் தேர்ந்தெடுக்கலாம்.

காலுக்கு, முழங்காற்சில்லின் நடுவிலிருந்து மேலே 15 சென்டிமீட்டரில் தொடையின் சுற்றளவையும், கீழே 15 சென்டிமீட்டரில் கெண்டைக்காலின் சுற்றளவையும் எடுக்கவும். உற்பத்தியாளர் சிலர் 10 சென்டிமீட்டர் என்று குறிப்பர்; அவரவர் அட்டவணையில் உள்ளபடியே எடுக்க வேண்டும். தொடை கூம்பு வடிவமாக இருப்பதால், உருளை வடிவில் தைத்த காப்பின் மேற்பட்டை ஓயாமல் கீழே நழுவும். பட்டையை இறுக்கினால் இரத்தவோட்டம் தடைப்படுமே அன்றி நழுவுதல் நிற்காது. மேல்விளிம்பு அகன்று, உட்புறம் சிலிக்கோன் பட்டை பதித்த காப்பை நாட வேண்டும். இடுப்பு அகலத்தால் தொடையெலும்பு முழங்காலில் சற்றுச் சாய்வாக வந்து சேர்வதால், நேராக வார்த்த கிண்ணம் சிலரிடம் வெளிப்புறமாகத் திரும்பிக்கொள்ளும். இதையும் கவனிக்க.

சுண்ணக்கட்டிச் சோதனை

காப்பு நகர்கிறதா என்பதைக் கண்ணால் தீர்மானிப்பது கடினம். பள்ளியில் எப்போதும் கையிருப்பில் உள்ள சுண்ணக்கட்டி இதற்குப் போதும். மாணவி கருநிற முழுக்கைச் சட்டையும் நீள்காற்சட்டையும் அணியட்டும். முழங்கை மடித்த நிலையில் அதன் கூர்முனையிலும், முழங்காற்சில்லின் நடுவிலும், தோள்முனையிலும் சுண்ணக்கட்டியால் ஒரு ரூபாய் அளவு வட்டமாக அழுத்தித் தேய்க்கவும். அதன் மேல் கவசத்தை அணிவித்து, சைக்கிளை இருவர் பிடித்துக்கொள்ள, மேற்கூறிய இறங்கும் நிலையில் நிற்கச் செய்க. அவள் இருபது முறை தாழ்ந்து எழட்டும். ஹாண்டில்பாரை இருபுறமும் திருப்பட்டும். பிறகு கீழே இறங்கி, புல்தரையில் இரண்டு முறை தோள்வழியாக உருளட்டும். கவசத்தைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தால் சுண்ணத்தின் தடம் தெரியும். தடம் கிண்ணத்தின் நடுவில் சிறு வட்டமாக இருந்தால் நன்று. நீண்ட கோடாக இழுபட்டிருந்தால் காப்பு நழுவுகிறது. கோட்டின் நீளமே நழுவிய தொலைவு. தடம் ஓரத்தில் இருந்தால் அளவே தவறு.

சோதனை நடக்கும்போதே வேறு சிலவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். முழுக் கவசமும் தலைக்கவசமும் அணிந்து, இறங்கும் நிலையிலிருந்து இருபது மீட்டர் தொலைவிலுள்ள கரும்பலகையை அவளால் வாசிக்க முடிகிறதா? விலா விரிய ஆழ்ந்து மூச்சிழுக்க முடிகிறதா? பேசிக்கொண்டே பத்து நிமிடம் பெடல் செய்ய முடிகிறதா?

நம் நாட்டுப் பெண்களிடம் கவனிக்க வேண்டியது பின்னல். நீண்ட பின்னலை முதுகுக் காப்புக்குள் விட்டால், காப்புக்கும் முதுகெலும்புக்கும் இடையே ஒரு கயிறு கிடப்பது போலாகும்; காப்பு உடலோடு படியாது. வெளியே விட்டால் கிளையிலோ சக்கரத்திலோ சிக்கும். கொண்டையாக முடிந்தால் தலைக்கவசம் சரியாக அமராது. தாழ்வாகப் பின்னி, இரண்டாக மடித்து, சட்டைக்குள் ஒரு பக்கமாகத் தோளுக்கு முன்னே விடுவதே சிறந்த வழி. வளை, சங்கிலி, தோடு யாவும் முன்பே கழற்றப்பட வேண்டும். தாலியைக் கழற்ற விரும்பாதவரை வற்புறுத்தல் வேண்டா. மெல்லிய பருத்திக் கயிற்றில் கோத்து, மார்புத் தகட்டின் கீழ் வராதபடி துணி நாடாவால் ஒட்டிக்கொள்ளச் சொல்லலாம்.

வலி எங்கே என்று பெண்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள் என்பதையும் இங்கே கூறியாக வேண்டும். மார்பிலோ இடுப்பிலோ கவசம் உறுத்தினால், ஆண் பயிற்சியாளரிடம் அதைக் கூற நாணி, பட்டையைத் தளர்த்தி விட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். அல்லது “வெயில் அதிகம்” என்று காரணம் கூறிக் கவசத்தைக் கழற்றி வைப்பார்கள். பட்டை தளர்ந்திருப்பதைக் கண்டால் அதட்டி இறுக்கச் செய்வதற்கு முன், அது ஏன் தளர்ந்தது என்று ஒரு பெண் ஆசிரியையைக் கொண்டு கேட்பித்தல் வேண்டும். பயிற்சி முடிந்தபின் தோலில் அரை மணி நேரத்துக்கு மேல் மறையாத சிவந்த தடங்கள் இருந்தால் அவ்விடத்தில் அளவு பொருந்தவில்லை என்று கொள்க.

வளரும் பருவத்துப் பெண்களுக்கு, அடுத்த ஆண்டுக்கும் உதவட்டும் என்று பெரிய அளவு வாங்குவது நம் குடும்பங்களில் உள்ள சிக்கன வழக்கம். சீருடைக்கு அது பொருந்தும், கவசத்துக்குப் பொருந்தாது. பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரை முதுகின் நீளமும் மார்பளவும் விரைவாக மாறுவதால், ஒவ்வொருவருக்கும் சொந்தக் கவசம் வாங்குவதைவிட, நிறுவனமே மூன்று நான்கு அளவுகளில் வாங்கி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து மாற்றிக் கொடுப்பது செலவிலும் குறைவு. அப்போது பதிவேட்டில் பெயருக்கு எதிரே முதுகு நீளம், இரு மார்பளவுகள், தோள் அகலம், தொடை, கெண்டைக்கால் என ஆறு எண்களை எழுதி வைத்தால் போதும்.

வாங்கும்போது தரவிதி எண், நிலை எண், எவ்வுறுப்புக்கு உரியது என்னும் எழுத்து ஆகிய மூன்றும் காப்பின் மீதே பொறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க. முழங்காலுக்கு ஆங்கில ‘கே’, முழங்கைக்கு ‘ஈ’, தோளுக்கு ‘எஸ்’, இடுப்புக்கு ‘எச்’. முழங்கைக் காப்பைத் தோளில் செருகி விற்பதும் நடக்கிறது. மூட்டுக் காப்புக்களில் ‘ஏ’ வகை சிறிய பரப்பை மூடுவது. ‘பி’ வகை பெரியது. சிறிய உடலுக்கு ‘ஏ’ போதும் என்று கடைக்காரர் சொன்னாலும், சுண்ணத் தடத்தைப் பார்த்தே முடிவு செய்க. உறையில் மட்டும் அச்சிட்டு, காப்பில் ஒன்றும் இல்லாத சரக்கை, எவ்வளவு மலிவாயினும், வாங்கற்க.

துவைக்கும்போது காப்புக்களை உறையிலிருந்து எடுத்துவிட்டு, துணியை மட்டும் துவைத்தல் வேண்டும். காப்பை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துக. வெயிலில் நிற்கும் ஜீப்பினுள் போட்டு வைத்தலும், குளிர்காலத்தில் கணப்பருகே காயவைத்தலும் அதன் பொருளைக் கெடுக்கும். பலமாக விழுந்தபின் கடின ஓட்டில் வெண்மையான கீறல் கோடுகள் தோன்றினாலோ, மெத்தையை விரலால் அழுத்தி விட்டபின் பள்ளம் மீளாமல் நின்றாலோ, அக்காப்பைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, வேறெவரும் எடுத்து அணியாதபடி இரண்டாக வெட்டிவிட வேண்டும்.